நிழலிடம் கேட்ட ஒன்பது கேள்விகள்

இதைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. செண்பகவல்லி என்னிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் நாள் ஒன்றுதான், ஆட்களும் அவர்களேதான். ஒரே ஒரு இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறியது. ஒரு கேள்வி தன்னை நோக்கித் திரும்பியபோது எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள் என்பது. முதல் முறை, "உடனே சொல்லிட்டேன்" என்றாள். இரண்டாம் முறை, வெளியே ஒரு சரக்கு லாரி பின்னால் போய், திரும்பி, வாசலைத் தாண்டிப் போகும்வரை பேசாமல் இருந்ததாகச் சொன்னாள். மூன்றாம் முறை அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கேட்கவில்லை. நீதிமன்றப் பதிவில் பதினொரு வினாடி என்று இருக்கிறது. பதிவு பொய் சொல்லாது என்கிறார்கள். எனக்கென்னவோ அந்த லாரியைத்தான் நம்பத் தோன்றுகிறது. ஆகவே இதில் நான் இட்டு நிரப்பியதும் கொஞ்சம் இருக்கும்.

முத்தங்கரை ஒரு கடலோரத் தொகுதி. அங்கே தேர்தல் அலுவலகம் பழைய சுங்கக் கட்டடத்தில் இருந்தது. வேட்பாளர்களிடம் ஊர் சார்பில் கேள்வி கேட்டுப் பதிலைப் பதிவு செய்யத் துறைக்கு ஒரு கேள்வியாளர்; கலை, பண்பாட்டுத் துறைக்குச் செண்பகவல்லியைக் குலுக்கலில் எடுத்திருந்தார்கள். அவள் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை, வயது ஐம்பத்தொன்று. முதல் நாள் காலை, விளையாட்டுத் துறைக்கு வந்திருந்த ஜுலைஹா அவளுக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். ஜுலைஹாவுக்கு இது இரண்டாவது தேர்தல்.

"உங்களுக்கு எந்தத் துறைக்கா?"

"கலை, பண்பாடு."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் நிழல்தான்." ஜுலைஹா சிரித்தாள். "தண்ணி, கடல் சுவர், வேலைன்னா வேட்பாளரே நேர்ல வருவாங்க. மேடை, மைக், மாலை எல்லாம் இருக்கும். பாட்டு கூத்துக்கும் பந்து விளையாட்டுக்கும் யாருக்கு நேரம் இருக்கு? நிழலை அனுப்பிருவாங்க."

"நிழல்னா, முன்னாடியே பேசி வச்ச பதிலா?"

"அதெல்லாம் இல்ல. மனு தாக்கல் பண்ணும்போதே குடுத்தாகணும். அந்த ஆள் ஊருக்குப் பேசுனது, வீட்டுல பேசுனது, எழுதுன லெட்டரு, போட்ட சண்டை, எல்லாத்தையும் ஊட்டி வளத்த மெஷின் மனசு. அவரு என்ன நினைப்பாரோ அதைத்தான் நினைக்கும். அது சொன்னா அவரு சொன்ன கணக்கு. ஜெயிச்சபிறகு மாத்துனா பதவியே போயிரும்."

"தேர்தல் முடிஞ்சா?"

"அழிச்சிருவாங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு மனசு இருக்கக் கூடாதுன்னு சட்டம்." ஜுலைஹா டீயை ஊதிக் குடித்தாள். "ஒரு வேட்பாளருக்கு ஒம்பது கேள்வி. பாத்துச் செலவழிங்க. அப்புறம் ஒண்ணு. உங்களுக்கோ உங்க வீட்டு ஆளுக்கோ வேண்டிய விசயமா இருந்தா நீங்க கேக்கக் கூடாது."

"கேட்டா?"

"கேட்ட பதில் செல்லாது. வேற ஒரு கேள்வியாளர் தன்னோட கேள்வியைக் குடுத்துக் கேக்கலாம்னு சட்டத்துல இருக்கு. இருந்து என்ன? போன தடவை மீன்வளத்துக்கு ஒரு அண்ணன் வந்திருந்தாரு. ரொம்ப நேர்மை. 'என் மச்சானுக்குப் படகு இருக்கு'ன்னு அவரே வாயைத் திறந்து சொன்னாரு. நல்ல பதில் ஒண்ணு வந்திருந்துச்சு, அதைத் தூக்கிட்டாங்க. வேற யாரு கேக்கப்போறான்னு ஆளாளுக்கு முகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தோம். மணி அஞ்சாயிருச்சு, மூடிட்டாங்க. உண்மையைச் சொல்லி ஒரு ஊருக்கே படகுத்துறை இல்லாமப் போச்சு."

செண்பகவல்லி தன் உறுதிமொழிப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். 'கலைத் துறையின் திட்டங்களால் எனக்கோ என் குடும்பத்தாருக்கோ பயன் ஏதும் இல்லை.' அவள் கையெழுத்துப் போட்டாள். அந்த நிமிடம் அது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சுடலைமுத்து இப்போது கலைஞர் இல்லை. நோயாளி.

சுடலைமுத்து அவள் கணவர். இருபத்தெட்டு வருடம் மேடையில் ராஜா வேஷம் போட்டவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தலைக்குள் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. கை கால் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டன. பேச்சு வரவில்லை. "ஆமா" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. சாப்பிட்டாயிற்றா என்றாலும் ஆமா, வலிக்கிறதா என்றாலும் ஆமா, உன் பெயர் என்ன என்றாலும் ஆமா. தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவருக்கே தெரியும். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் கேள்வி கேட்பதையே குறைத்துக்கொண்டாள். வீடு மெல்ல மெல்ல அமைதியாகிப்போனது.

நகராட்சி அரங்கில் பேச்சரங்கு என்று ஒரு திட்டம் நடந்தது. அவரைப் போலப் பேச்சிழந்த பதினான்கு பேர். நடத்தியவள் பிரேமா வின்சென்ட் என்ற ஒரு பெண், நாடகக்காரி. பேச முடியாதவர்களுக்கும் சில வேளை பாட்டு வரும், மனப்பாடமான வசனம் வரும், அது மூளையில் வேறு வழியாக வருகிறது என்று அவள் சொன்னாள். முதல் வாரம் சுடலைமுத்துவை மேடையில் ஏற்றி, எதிரே ஒருவரை நிறுத்தி, வசனத்தை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். அவர், "காவலா, கதவைத் திற! இந்நாட்டு மன்னன் வெளியே நிற்கிறேன்!" என்று முழங்கினார். மூன்றாவது வரிசையில் இருந்த செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் அது வரவில்லை. அவளே காவலனாக நின்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். ஆமா என்றார்.

"மேடை வேணும்க்கா" என்றாள் பிரேமா. "எதிர்ல நாலு பேர் வேணும், வெளிச்சம் வேணும். அவங்களுக்குத் தேவையான சொல்லையெல்லாம் வசனமா எழுதி நாடகத்துக்குள்ள நுழைச்சுக்கிட்டு இருக்கேன். தண்ணி வேணும்ங்கிறதை ராஜா கணக்கா இப்பக் கேக்காரு பாத்தீங்களா? அடுத்த நாடகத்துல உங்க பேரை வைக்கேன். ராணி பேரு செண்பகவல்லி. கூப்பிட வச்சிருவேன். ஆனா திட்டம் மார்ச்சோட முடியுது. சுகாதாரத் துறை, 'இது நாடகம், கலைத் துறையைக் கேளுங்க'ங்கிறான். கலைத் துறை, 'இது வைத்தியம், சுகாதாரத்தைக் கேளுங்க'ங்கிறான். வரப்போற ஆளு வாயால நடத்துவேன்னு சொன்னாத்தான் உண்டு."

அதைக் கேட்கும் இடத்தில் இப்போது செண்பகவல்லியே இருந்தாள்.

ஆளுங்கட்சி வேட்பாளர் குற்றாலிங்கத்தின் நிழலை அவள் முதலில் கேட்டாள். சின்ன அறை. மேஜை மேல் ஒரு ஒலிபெருக்கி, ஒரு பச்சை விளக்கு. நிழலுக்கு முகம் கூடாது என்பது விதி. ஒன்பது கேள்விக்கும் அது ஒன்பது விதமாக, "பரிசீலிப்போம்" என்றது. சுவரில் படம் வரைகிறவர்களுக்கு உதவித்தொகையா? ஆவன செய்யப்படும். நாட்டுப்புறப் பாடகர்களின் குரல் காப்பகமா? குழு அமைக்கப்படும். பேச்சரங்கைப் பற்றிக் கேட்டபோது, "தாய்த்தமிழ் பேச்சு என் உயிர் மூச்சு" என்று தொடங்கி ஆறு நிமிடம் பேசிவிட்டுப் பரிசீலிப்போம் என்றது.

கடைசி நாள் பிற்பகல் பெனடிக்ட் கொரைராவின் முறை. கொரைரா சுயேச்சை. படகுப் பட்டறை வைத்திருந்தவர், கடல் சுவரைப் பற்றி மட்டுமே பேசுகிறவர். அவர் நிழல் கலையைப் பற்றி என்ன சொல்லிவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் அவள் உள்ளே போனாள்.

"வாங்க டீச்சர்" என்றது அது. கரகரப்பான, அவசரமில்லாத குரல்.

"வேட்பாளர் கடைசியாகப் பார்த்த கலை நிகழ்ச்சி எது?"

"நாடகம். இருபத்தாறு வருசம் ஆச்சு. பாதியில எழுந்து போயிட்டாரு, படகு ஒண்ணு கரை தட்டிருச்சுன்னு கூப்பிட்டாங்க."

"அதன்பிறகு பார்க்கத் தோன்றவில்லையா?"

"அவருக்குத் தோணல. எனக்குத் தோணுது. இங்க கொண்டாந்து வச்சு மூணு வாரம் ஆகுது, உங்களையும் பக்கத்து ரூம்ல பந்து விளையாட்டுக்காரம்மாவையும் தவிர யாரும் பேச வரல. அந்த நாடகத்தோட மிச்சப் பாதி என்னவா இருந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். ஒரு பொண்ணு கிணத்தடியில நிக்கும்போது எழுந்தது. அவ குதிச்சாளா, தண்ணி எடுத்துட்டுப் போனாளான்னு தெரியல."

செண்பகவல்லி தன் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "நீங்க அவர்தானே?"

"அவருதான். அவரோட அம்பத்தெட்டு வருசமும் எனக்கு இருக்கு. அவருக்கு இருக்க அவசரம் மட்டும் எனக்கு இல்ல. அவரைச் சும்மா மூணு வாரம் உக்கார வச்சா அவரும் இப்படித்தான் ஆயிருப்பாரு. யாரு உக்கார வைப்பா?"

அடுத்த கேள்விகள் வேகமாகப் போயின. சுவரோவியக்காரர்களுக்கு உதவித்தொகை உண்டு என்றது. குரல் காப்பகம் இந்த வருடமே என்றது. அரங்க வாடகை உள்ளூர்க் குழுக்களுக்குப் பாதி என்றது. முடியாததை முடியாது என்றும் சொன்னது. புது கலைக்கூடம் கட்டமாட்டேன், அதற்கான சிமெண்ட் கடல் சுவருக்கு வேண்டும் என்றது. அவள் எட்டையும் பதிவு செய்தாள். மணி நாலு இருபது.

ஒன்பதாவதை அவள் தாளைப் பார்க்காமல் கேட்டாள்.

"நகராட்சி அரங்கில் செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்குப் பேச்சரங்கு நடக்கிறது. பதினான்கு பேர். இடது பக்கம் ஏழு நாற்காலி, வலது பக்கம் ஏழு. பேச்சு வராதவர்கள், மேடையில் வருகிறது. மார்ச்சோடு நிற்கப்போகிறது. இரண்டு துறையும் தங்களுடையது இல்லை என்கின்றன. வேட்பாளர் என்ன செய்வார்?"

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நடத்துவேன்" என்றது நிழல். "ரெண்டு துறையும் வேண்டாம். தொகுதி மேம்பாட்டு நிதியில நேரடியா எடுத்துக்கிடுதேன். அஞ்சு வருசத்துக்கும். நாடகமா வைத்தியமான்னு தெரிஞ்ச பிறகுதான் ஒருத்தன் பேசணும்னா அவன் எப்பப் பேச?"

அவள் விரலை நீட்டிப் பதிவுப் பொத்தானை அழுத்தப் போனாள்.

"டீச்சர், பதிவுக்காக ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு வேண்டியவங்க யாராவது அங்க இருக்காங்களா?"

இந்த இடம்தான். அவள் மனதில் அப்போது மீன்வளத்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஆம் என்றால் இந்தப் பதில் செத்துவிடும். நாற்பது நிமிடத்தில் மூடிவிடுவார்கள். யார் கேட்பார்கள்? இல்லை என்றால் அஞ்சு வருடம். அஞ்சு வருடத்தில் அவர் தண்ணீரிலிருந்து சோற்றுக்கும், சோற்றிலிருந்து வலிக்கும், வலியிலிருந்து அவள் பெயருக்கும் வந்துவிடுவார்.

"இல்லை" என்றாள்.

"சரி டீச்சர்" என்றது நிழல். சற்றுப் பொறுத்து, "பதிவு பண்ணிக்கோங்க" என்றது.

வெளியே வந்தபோது ஜுலைஹா கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "என்னக்கா, முகம் இப்படி வேத்திருக்கு? உள்ள ஏசி இல்லையா?"

"முடிஞ்சிருச்சு" என்றாள் செண்பகவல்லி.

கொரைரா ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஓட்டில் வென்றார். வாக்கு எண்ணி முடித்த மாலையே எல்லா நிழல்களையும் அழித்தார்கள். பேச்சரங்கு ஏப்ரலிலும் நடந்தது, மே மாதமும் நடந்தது. ஜூலையில் பிரேமா பொதுமக்களுக்காக நாடகம் போட்டாள். பங்கெடுக்கிறவர்களின் பெயர்ப் பட்டியல் மருத்துவ ரகசியம். அதனால் மேடையிலும் யார் பெயரையும் அறிவிக்கவில்லை. முதல் வரிசையில் எம்.எல்.ஏ.வுக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் தோற்றுப்போன குற்றாலிங்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு உண்மையாகவே நாடகம் பிடிக்கும்.

சுடலைமுத்து காகிதக் கிரீடம் வைத்திருந்தார். இரண்டாம் காட்சியில் தண்ணீர் கேட்டார். சபை கைதட்டியது. மூன்றாம் காட்சியில் அரண்மனை தீப்பற்றுகிறது. மன்னன் புகைக்குள் ராணியைத் தேடுகிறான். மந்திரியாக நின்ற, அவரைப் போலவே பேச்சிழந்த ஒரு தையல்காரர், "மன்னா, யாரைத் தேடுகிறீர்?" என்று எடுத்துக் கொடுத்தார்.

சுடலைமுத்து நின்றார். உதடு அசைந்தது. ஒத்திகையில் நாற்பது முறை அந்த இடத்தில் அவர் ஆமா என்றுதான் சொல்லியிருந்தார். மேடை ஓரத்தில் பிரேமா விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அரங்கில் யாரோ இருமினார்கள். பிறகு இருமலும் நின்றது.

"செண்பகவல்லி!" என்றார் அவர். "செண்பகவல்லி, எங்கே இருக்கிறாய்?"

மூன்றாவது வரிசையில் அவள் எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்குத் தெரியாது. "இங்கதான இருக்கேன்" என்றாள்.

ராணி வேஷம் போட்ட பெண் வாய் திறந்தபடி நிற்க, சுடலைமுத்து மேடை விளிம்புக்கு வந்து, இருட்டுக்குள் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார். அரங்கு முழுக்க எழுந்து நின்றது. குற்றாலிங்கமும் எழுந்தார், திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். அழுதது உண்மை. திரும்பிப் பார்த்ததில் அவளை அடையாளம் கண்டுகொண்டதும் உண்மை. சுங்கக் கட்டடத்தின் வாசலில் ஒன்பது நாள் அவரும் அவர் ஆட்களும் அவளைப் பார்த்திருந்தார்கள்.

பத்தாம் நாள் அவர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டார்.

பொய் உறுதிமொழி கொடுத்த கேள்வியாளர் ஒரு வேட்பாளரிடம் பெற்ற பதில்கள் அத்தனையும் செல்லாது என்பது சட்டம். ஒன்பதும். வெற்றி செல்லாது என்று குற்றாலிங்கம் கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் பதில்களைத் தள்ளுபடி செய்வதற்கு முன், முத்திரையிட்டு வைத்திருந்த நிழலின் பதிவேட்டைத் திறந்து வாசிக்க உத்தரவிட்டது. நிழலை அழித்தாலும் அது தனக்குள் எழுதிய குறிப்புகளை ஒரு வருடம் வைத்திருப்பார்கள்.

எழுத்தர் ஒருவர் உணர்ச்சியில்லாமல் வாசித்தார்.

"நான்கு இருபத்தொன்று. கேள்வியில் நாள், நேரம், நாற்காலி பற்றிய விவரங்கள் உள்ளன. திட்ட அறிக்கையில் இவை இல்லை. கேள்வியாளருக்கு மிக நெருங்கியவர் அங்கே இருப்பதாகக் கருதுகிறேன். பதிவுக்காகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆம் என்றால் என் பதில் செல்லாது. பக்கத்து அறையில் விளையாட்டுத் துறைக் கேள்வியாளரிடம் எனக்கான ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அவரைக் கேட்கச் சொல்லும்படி இவரிடம் சொல்வேன். அதே பதிலை மறுபடி சொல்வேன். முப்பத்தொன்பது நிமிடம் இருக்கிறது, போதும். ஆம் என்று இவர் சொல்லும்வரை இந்த வழியை நான் சொல்லக் கூடாது. சொன்னால் தூண்டுதல் ஆகும்."

எழுத்தர் தாளைத் திருப்பினார்.

"நான்கு இருபத்திரண்டு. இல்லை என்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்."

செண்பகவல்லி பக்கத்தில் இருந்த ஜுலைஹாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜுலைஹா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு இருந்துச்சுக்கா" என்றாள் மெல்ல. "நீங்க போனபிறகு, கேக்க ஒண்ணும் தோணாம, கேரம் போர்டு வாங்கித் தருவீங்களான்னு கேட்டுத் தொலைச்சேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

பாதியில் நிறுத்தி, "நான்தான அந்த மீன்காரர் கதையைச் சொன்னேன்" என்றாள்.

"நீ சொன்ன கதை பொய் இல்லையே" என்றாள் செண்பகவல்லி.

ஒன்பது பதிலும் செல்லாது என்று தீர்ப்பு வந்த வாரம் அவள் கொரைராவைத் தேடிப் போனாள். அவர் கடல் சுவர் வேலை நடக்கும் இடத்தில், முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்டு நின்றிருந்தார். நிழலின் குரல்தான். ஆனால் சொற்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன.

"வாங்க டீச்சர். தப்பா ஒண்ணும் நினைக்கல. புருசனுக்காகச் சொன்னீங்க. யாரும் சொல்லுவாங்க."

"சட்டம் உங்களைக் கட்டாதுன்னு ஆயிருச்சு சார். நீங்களா நினைச்சா இப்பவும் நடத்தலாம். பதினாலு பேர். நான் வேணும்னா அவரைக் கூட்டிட்டுப் போயிருதேன், பதிமூணு பேருக்காவது..."

கொரைரா அலையைப் பார்த்தார். "நீங்களும் அதுவும் பேசுனதைப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். நல்லாத்தான் பேசியிருக்கு. எம்புட்டு நல்லவனா இருக்கேன்னு எனக்கே ஆச்சரியம். அந்தக் கிணத்தடிப் பொண்ணு... எனக்கு அப்படி ஒரு நாடகம் பாத்த ஞாபகமே இல்ல டீச்சர். இருந்திருக்கும். எங்கிட்ட எடுத்ததுதான அது." அவர் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். "அது மூணு வாரம் சும்மா உக்காந்து நினைச்சிருக்கு. இந்த ஊர்ல தெற்குத் தெரு பாதி கடலுக்குள்ள போயிருச்சு. மேம்பாட்டு நிதி மொத்தத்தையும் இங்க கொட்டிட்டேன். அதுல கை வச்சா அந்தச் சனங்க என்னைக் கேக்கும். கேக்கணும்."

"இப்ப ஒரு நிமிசம் நினைச்சுப் பாருங்க சார்."

அவர் நினைக்கத்தான் செய்தார். அவள் அதைப் பார்த்தாள். புருவம் சுருங்கி, வாய் லேசாகத் திறந்து, எங்கோ தொலைவில் கிடக்கும் ஒன்றை எட்டிப் பிடிக்கிறவர் போல நின்றார். அலை ஒன்று வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது. அந்த முகத்துக்குள் எங்கேயோ அது இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அது பேசும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணே, கல்லு சரியுது! வாங்கண்ணே!" என்று கீழிருந்து கூப்பிட்டார்கள்.

"பாக்கேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் சுடலைமுத்து சட்டையை மாற்றி, தலையைச் சீவி, செருப்பைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அரங்கைப் பூட்டிவிட்டார்கள் என்று காலையில் சொன்னதற்கும் ஆமா என்றுதான் சொல்லியிருந்தார். அவள் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் ஒரு பொய் சொன்னேன்" என்றாள். "நீங்க எனக்கு யாருமில்லைன்னு சொன்னேன். அதனாலதான் பூட்டிட்டாங்க."

அவர் அவளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல ஏதோ இருந்தது. கடைசியில் எதுவும் சொல்லாமல், ஆமா என்றுகூடச் சொல்லாமல், குனிந்து செருப்பைக் கழற்றினார். வீட்டில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் முறை. மன்னித்தாரா, மறுத்தாரா, இல்லை தேடிக் கிடைக்கவில்லையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பெனடிக்ட் கொரைரா கடல் சுவரைக் கட்டி முடித்தார். அது நன்றாக நிற்கிறது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. குற்றாலிங்கம் நின்று வென்றார். கலைத் துறைத் துணைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறார். சுவரோவியக்காரர்களின் உதவித்தொகையும் குரல் காப்பகமும் வரவில்லை. ஜுலைஹா மூன்றாவது முறை குலுக்கலில் பெயர் வந்தபோது மறுத்துவிட்டாள். பிரேமா வின்சென்ட் வேறு ஊருக்குப் போய் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். செண்பகவல்லி இனி எந்தத் தேர்தலிலும் கேள்வியாளராக இருக்கக் கூடாது என்று உத்தரவு. பள்ளிக்கு மட்டும் போய் வந்துகொண்டிருந்தாள், சென்ற வருடம் ஓய்வு பெற்றாள். சுடலைமுத்து நான்கு வருடம் கழித்து ஒரு மாசி மாதத்தில், இரண்டாவது அடைப்பில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார். மற்றப் பதின்மூன்று பேரில் மூன்று பேர் வெளியூருக்குப் போனார்கள். இருவருக்குப் பேச்சு தானாகவே கொஞ்சம் திரும்பியது. மந்திரியாக நடித்த தையல்காரர் கடையைத் திறந்து வைத்திருக்கிறார். அளவைக் கையால் காட்டுகிறார். மீதி ஏழு பேர் பேசவில்லை.